ஜெகதளாவில் லேமினேட் செய்த ஒரு கையெழுத்து

கையெழுத்து அசல்தான். சென்னையில் பழைய தாள்களைச் சீரமைக்கும் நிபுணர் நேற்று மாலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். ஊற்றுப்பேனா மை, அச்சு அல்ல என்றார்.

ராணுவத்தாரும் அரசியல்வாதிகளும் கையெழுத்திட்ட பழைய புத்தகங்களை நான் சேகரிப்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மார்கழி முதல் வாரத்தில் ஜெகதளாவிலிருந்து செல்வராஜ் என்ற ஜீப் ஓட்டுநர் அழைத்தார். குன்னூரில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர், தன் போர் நினைவுகள் நூலில் கையெழுத்திட்டு, தனக்குக் கார் ஓட்டிய முருகேசனிடம் கொடுத்திருக்கிறார். முருகேசன் செல்வராஜின் அப்பா. வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். விற்கத்தான் அழைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து பிடித்தேன். குன்னூர் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். பனியால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. (மலை ரயில் அழகுதான், வேலையாகப் போகிறவர்களுக்கு அல்ல.) அங்கிருந்து ஜெகதளாவுக்கு ஆட்டோ, முந்நூறு ரூபாய்.

புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். முதல் தாள் இல்லை. கிழித்த விளிம்பு மட்டும் இருந்தது. கேட்டதும் செல்வராஜ் ஜீப்பில் செருகியிருந்த தாளைக் கொண்டுவந்தார். லேமினேட் செய்திருந்தார்.

"பனியில பூஞ்சை புடிச்சுருமுங்க. அதான் ஐப்பசியில பொண்ணோட மார்க் ஷீட்டோட சேத்துப் போட்டுட்டனுங்க."

கட்டிலில் உட்கார்ந்திருந்த முருகேசன் என்னிடம் சொன்னார்: "இவனையும் சேத்துப் போட்டிருந்தா ஊடு நிம்மதியா இருந்திருக்குமுங்க."

நான் விலை பேச ஆரம்பித்தேன். முருகேசன் கையமர்த்தினார்.

"விக்கறதுக்குக் கூப்பிடலைங்க. கலர் ஜெராக்ஸுன்னு டீக்கடையில சிரிக்கறாங்க. நெசந்தானான்னு நீங்க சொல்லோணும்."

லேமினேட் செய்த பிறகுதான் இந்தப் பேச்சே வந்தது. அந்தப் பளபளப்பில் நகல் என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்பா அன்றிலிருந்து டீக்கடைப் பக்கமே போவதில்லை என்றார் செல்வராஜ்.

பிளாஸ்டிக்கின் மேல் பூதக்கண்ணாடி வைத்துப் பயனில்லை. புத்தகத்தையே மறுபடி புரட்டினேன். முன்னட்டையின் உட்புறத்தில் மங்கலான நீலக் கோடுகள் தெரிந்தன. பல வருட ஈரத்தில், எதிரே இருந்த தாளின் மை அட்டையில் ஒட்டியிருந்தது, இடம் வலமாக மாறி. செல்வராஜின் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். அதில் ஆங்கிலத்தில் முருகேசன் பெயர், கீழே கையெழுத்து. தாளில் இருந்ததோடு வளைவுக்கு வளைவு பொருந்தியது. எந்தப் பனிக்குப் பயந்து தாளைக் கிழித்தார்களோ, அதுவே சாட்சியை விட்டுவைத்திருந்தது.

முருகேசன் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதை இப்பவே கடைக்கு எடுத்துட்டுப் போலாமுங்களா?" என்றார். நிபுணர் சொல்லட்டும் என்று புத்தகத்தையும் தாளையும் கேட்டு வாங்கி வந்தேன்.

இப்படிப் புத்தகம் தேடி நீலகிரி போகிறவர்கள் ஒரு சிறு கண்ணாடி கொண்டுபோங்கள். அட்டையின் உட்புறத்தையும் பாருங்கள். வீட்டில் கையெழுத்திட்ட பிரதி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேட் கடைக்குப் போகாதீர்கள். அவ்வப்போது நிழலில் காற்றாட விரித்து வைத்தாலே போதும்.

செய்தியை நேற்றே சொல்லிவிட்டேன். இன்று காலை அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போயிருக்கிறார் என்றார் செல்வராஜ். தாளைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிரிக்க முடியுமா என்பது இன்னும் தெரியாது. பொங்கல் கழிந்த வாரம் நிபுணர் சொல்வார். எப்படியானாலும் புத்தகத்தை நானே மலையேறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வரும்போது டீக்கடையில் இறங்கச் சொல்லியிருக்கிறார் முருகேசன். கண்ணாடியோடு அவர் அங்கேயே இருப்பாராம்.