சுமுகமான பட்டியல்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. யார் காரை எங்கே நிறுத்துவது என்று மூன்று நாளாக நடந்த சண்டைக்கு முடிவுகட்டச் செயலாளர் எழுதியிருந்தார்: 'ஞாயிறு காலை கூடிப் பேசி சுமுகமாக முடித்துக்கொள்வோம்.' கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். எனக்கு மட்டும் அந்தக் கும்பிடு வரவில்லை. இத்தனைக்கும் எங்களிடம் காரே கிடையாது. ஒரு ஸ்கூட்டர், அதுவும் ஓடாத ஸ்கூட்டர். ஆனாலும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் செய்தியில் ஏதாவது எண் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன்.

சுமுகம் என்ற சொல்லைக் கண்டால் எண்களைத் தேடுவது எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கும் மேலான வியாதி. சிரிக்காமல் கேட்பதானால் சொல்கிறேன்.

அகராதியில் நல்ல முகம், இணக்கம் என்றெல்லாம் போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் அதைவிட அதிகமாக உழைத்தது. பெண் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து, "எல்லாஞ் சுமுகமாப் போச்சுங்க" என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. என் பெரியப்பாவும் சித்தப்பாவும் தோட்டத்தைச் சுமுகமாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று ஊரே சொன்னது. அதற்கப்புறம் ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார். பேச்சுவார்த்தை சுமுகம் என்று பேப்பரில் வந்தால், அடுத்த வாரம் பஸ் ஓடாது என்று அம்மா இரண்டு நாள் காய்கறியைச் சேர்த்து வாங்கிப் போடுவாள். ஆனால் போத்தனூர்ப் பக்கம் இருந்த எங்கள் மில்லில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "முத்துவுக்குச் சுமுகம் ஆயிருச்சாமா" என்றால் முத்துவுக்கு வேலை போய்விட்டது.

இன்றைக்கும் மகள் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு நாகரிகம் பிடிக்காது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். விஷயம் அதுவல்ல. அந்த வாசனை ஸ்டென்சில் தாளில் தப்பை அழிக்கிற சிவப்புத் திரவத்தின் வாசனை. தொண்ணூறுகளின் நடுவில், தமிழ் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணிய கர்வத்தோடு நான் அந்த மில்லின் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அதே மில்லில் அப்பா ஸ்பின்னிங்கில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவேன். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டுவிடுவார். ஆபீஸ்காரப் பெண் தொழிலாளியின் சைக்கிளில் வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

மில்லுக்குள் யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். கேட்டில் ஒரு பலகை நிறைய ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் வெட்டிய பித்தளை வில்லை. உள்ளே போகிறவர் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போவார், வெளியே வரும்போது மாட்டிவிட்டு வருவார். அப்பா 417.

அந்த வருடம் நூல் விற்கவில்லை. மாதம் ஒரு பட்டியல் வர ஆரம்பித்தது. லேபர் ஆபீசர் கையால் எழுதிக் கொடுப்பார், நான் ஸ்டென்சிலில் அடிப்பேன், நகல் ஒன்று சங்கத்துக்கு, ஒன்று கேட்டுக்கு. மேலே எப்போதும் ஒரே வாசகம்: 'சுமுகமான முறையில் பணியிலிருந்து விலகிக்கொள்ள இசைந்தோர்.' அதன் கீழே நம்பர்கள். இசைந்தோர் என்று எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, தாங்கள் இசைந்தது கேட்டில் நின்று படிக்கும்போதுதான் தெரியும். நானும் அதை அடித்துவிட்டு மத்தியானம் புளிச்சோறு சாப்பிட்டேன். பொய் சொல்லவில்லை, ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

மூன்றாவது பட்டியலில் பதினெட்டு நம்பர்கள். ஏழாவது 417.

விரல்கள் நின்றுவிட்டன. பக்கத்து மேசையில் ஆபீசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் நின்றதை அவர் கவனித்துவிடுவாரோ என்று பயந்து, சும்மாவே நாலு முறை டைப்ரைட்டரின் கேரேஜைத் தள்ளிச் சத்தம் பண்ணினேன். அவர் எழுத்தில் ஒன்றும் ஏழும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேண்டுமென்றே 411 என்று அடித்தேன். 411 யார் என்று தெரியாது. பதிவேடு கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் திறக்கவில்லை. திறந்தால் அதற்கு ஒரு முகம் வந்துவிடும் என்று பயம்.

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது. நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். நோட்டீசைச் சுற்றிக் கூட்டம். அப்பா விரலை வைத்து மேலிருந்து கீழே போனார், மறுபடியும் மேலிருந்து கீழே. நிம்மதியாகத் திரும்புவார் என்று பார்த்தால், முகம் வெளுத்துப்போய் நேராக ஆபீசுக்கு வந்தார்.

"ஏனுங்க சார், நம்ம நம்பரு உட்டுப்போச்சுங்களே" என்றார் ஆபீசரிடம். "நாந்தானுங்களே வந்து சொன்னேன், நான் வேலைலருந்து நின்னுக்கறேன், அம்மணிய பர்மனென்ட் பண்ணுங்கன்னு."

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் உண்மையாகவே இசைந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

ஆபீசர் தன் தாளையும் நோட்டீசையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம எழுத்து கோழி கிண்டுன மாதிரி. அந்தப் புள்ள என்ன பண்ணும்?" என்றார். பிறகு பேனாவை எடுத்து அடியில் பத்தொன்பதாவதாக 417 என்று எழுதினார்.

"அப்ப அந்த நானூத்திப் பதினொண்ணு..." என்றேன்.

"சங்கத்துக்கு நகல் போயிருச்சு அம்மணி. ஒட்டுன நோட்டீசுல கை வெச்சா நாளைக்கு அத்தனை பேரும் வந்து நிப்பாங்க. இருந்துட்டுப் போகட்டும்."

411 ரங்கசாமி மாமா. அப்பாவோடு ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். என் காதுகுத்துக்கு வந்து மொய் எழுதியவர்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கேட்டிலிருந்தே சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போய்க்கொண்டேயிருந்தது. திரும்பாமலே சொன்னார்: "நீ அடிச்சாத் தப்பே வராதே கண்ணு."

அவ்வளவுதான். அவர் சாகும்வரை மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவர் தொண்டையைக் கனைத்தால்கூட, இதோ கேட்கப்போகிறார் என்று நான் நடுங்கிய நாட்கள் உண்டு. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. நாலே வருடம், மில்லே மூடிவிட்டது.

ரங்கசாமி மாமா தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலுக்குப் போனார். யானை வருகிற இடம். அதிலிருந்து எனக்குப் பேப்பர் படிப்பதே தண்டனையாகிவிட்டது. 'யானை மிதித்து' என்று தலைப்பு வந்தால், அப்பா நோட்டீசைப் படித்த மாதிரி விரல் வைத்துப் பேரைத் தேடுவேன். வேறு யாருடைய பேராகவோ இருக்கும். மூச்சு விடுவேன், அப்படி விட்டதற்கு என்னையே திட்டிக்கொள்வேன்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அவரே வீட்டுக்கு வந்தார். கையில் நாலு தேங்காய். இளைத்திருந்தார்.

"நல்லாருக்கீங்களா மாமா?"

"சுமுகமா இருக்கறனுங்க அம்மணி. ஆனை மட்டும் அப்பப்ப வந்துபோட்டுப் போகுது" என்று சிரித்தார். அந்தச் சொல்லை அவர் கேலியாகச் சொல்லவில்லை. மில்லுக்கு முன்னால் அதற்கு இருந்த அர்த்தத்தில், மனசாரச் சொன்னார். நான் தேங்காயை வாங்கி உள்ளே வைக்கப் போனவள், காப்பி போடுகிற சாக்கில் அடுக்களையிலேயே நின்றுவிட்டேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாசல்படிவரை வந்தேன். அதற்குள் அவர், "வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார். பிறகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. தமிழ் டைப்பிங் தெரிந்தவள் என்று பட்டியல் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. இடம் மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்ட வீடுகளின் நம்பரை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்து, "நெசமாவே ஒத்துக்கிட்டீங்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "ஏனக்கா, கோர்ட்டுல சாட்சி கேக்கற மாதிரி கேக்கறீங்க?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அந்த மில்லின் பஞ்சுக் குடோன் இருந்தது. மகன் இங்கே வீடு வாங்கியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சங்கு இல்லை, ஸ்டென்சில் இல்லை, அப்பா சாப்பிட உட்கார்ந்த மரமும் இல்லை. கேட்டுப் பலகையிலிருந்த வில்லைகளை மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அப்பாவின் 417 மட்டும் எப்படியோ வீட்டுக்கு வந்து, என் பீரோவில் கிடக்கிறது. 411 என்ன ஆனார் என்று தொண்டாமுத்தூர் பஸ் ஏறிப் போய்க் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.