லீவில் இல்லாத ஸ்டெல்லாவுக்கு ஒரு லீவு பதில்

இன்று காலை ஹெச்.ஆர். மேனேஜர் போன் செய்தார்.

"ஸ்டெல்லா மெயில்ல அவுட் ஆஃப் ஆபீஸ் வெச்சிடு. லாங் லீவுன்னு போடு."

ஸ்டெல்லா எங்கள் கும்மிடிப்பூண்டி ஆலையின் சேஃப்டி ஆபீசர். பாய்லர் வால்வு சரியில்லை, உடனே நிறுத்துங்கள் என்று போன வாரம் மேலே இருப்பவர்கள் எல்லோருக்கும் மெயில் போட்டவர்.

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் போதும், பாஸ்வேர்டு இல்லாமலே யாருக்கு மெயில் வந்தாலும் அவர் பெயரிலேயே 'லீவில் இருக்கிறேன்' என்று தானாகப் பதில் போகும்.

அடித்துவிட்டேன். என்டர் தட்ட மட்டும் கை வரவில்லை. லீவு என்றால் அவரே வைத்திருப்பாரே?

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"லீவா? இன்னா சார் சொல்றீங்க? நான் கேன்டீன்ல நாஷ்டா துன்னுகினு இருக்கேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு வால்வு பத்தி இன்னிக்கு மெயில் அனுப்புறேன்னாரு. அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்."

இன்ஸ்பெக்டருக்கு 'லாங் லீவு' என்று பதில் போகத்தான் இந்த ஏற்பாடு என்று புரிந்தது. மேனேஜரைத் திரும்ப அழைத்தேன்.

"சார், நீங்க சொன்னதை ஒரு மெயிலா அனுப்புங்க. உடனே வெச்சிடறேன்."

எழுத்தில் கேட்டதும் மேனேஜர் பின்வாங்கினார்.

"வேணாம், உட்டுடு."

கட்டளையை அழித்தேன். மதியம் இன்ஸ்பெக்டரின் மெயில் வந்தது; ஸ்டெல்லா பதில் போட்டார். சாயங்காலம் பாய்லரை நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் மட்டும் வீட்டுக்குக் கிளம்பும்போது, "நீ லீவே எடுக்கிறதில்லையேப்பா" என்று ரொம்ப அன்பாக விசாரித்தார்.

நண்பர்களே, நான் லீவில் இருப்பதாக உங்களுக்கு மெயில் வந்தால், தயவுசெய்து ஒரு போன் போடுங்கள்.