ரப்பரா, செங்கல்லா

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் பசியைச் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அலுப்பு. விடிந்து எழும்போதே நாள் முழுக்க உழைத்தவள் போல உடம்பு வலிக்கும். மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு, அந்தக் கிழங்கை நடுவதற்காகவே லாலாங் புல்லைக் கொத்திக்கொண்டு கிடந்தோம். அந்த அலுப்பில்தான் நான் அந்த முடிவை எடுத்தேன். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

மலாயாவில் பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு வேலை. என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரியை ஓட்டியவர், அது பழுதானால் பிரித்துப் பார்க்கிறவரும் அவர்தான். வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டு ஓடிய வாரமே ஜப்பான்காரன் லாரியைக் கொண்டுபோய்விட்டான், ஜாக்கியோடு சேர்த்து. நான் ஸ்டோரில் வேலை செய்தேன். உறைந்த ரப்பர் பாலை உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுப்பது என் வேலை, ஆறு வருஷமாக. அவருடைய தம்பியும் எங்களோடு ஒரே லயத்து வீட்டில் இருந்தார். பால்மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர், இருபத்து நாலு வயது, கல்யாணமாகவில்லை. பசித்த வயிற்றோடும் யாரையாவது கேலி பண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றதை நம்பி முதல் தடவை சிலர் தாங்களாகவே போனார்கள். ஒருத்தரும் திரும்பவில்லை. அதனால் இரண்டாம் தடவை தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உட்கார்ந்து பெயர் எழுத வேண்டியதாயிற்று. எங்கள் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர். என் வீட்டுக்காரர் பெயர் அதில் இருந்தது. எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

கிராணி ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு நாள் காலையில் எங்கள் வாசலுக்கே வந்தார்.

"சுங்கைப் பட்டாணியில ஒரு ஆபீசரோட மோட்டார் சைக்கிள் ஓடாமக் கிடக்குதப்பா. எட்டு நாள்ல ஓட வச்சுக் குடுத்தீன்னா, மெக்கானிக்குன்னு சொல்லி உன்னைய இங்கேயே நிறுத்திக்குவாங்க. ஒரு ஆள் குறைஞ்சா அந்த ஆபீசரே சொல்லிக்குவாரு. முடியலன்னா நீ லாரியில ஏறணும். என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் மாட்டு வண்டியில் அது வந்து இறங்கியது. எங்கள் வீட்டின் பின்னால் நாலு கம்பு நட்டு, மேலே பழைய தகரம் போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பெருமையாக கராஜ் என்பார். அதற்குள் அந்தச் சனியனைத் தள்ளி நிறுத்தினோம். அவர் அரை நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இரண்டு சக்கரத்தையும் கழற்ற வேண்டும், இயந்திரத்தை அடிப்பக்கமாக இறக்க வேண்டும், தேய்ந்த சாமானை அரத்தால் ராவிச் சரிசெய்ய வேண்டும் என்றார். அதற்கு வண்டி தரையைவிட்டு உயரத்தில் நாலைந்து நாள் ஆடாமல் நிற்க வேண்டும். எதன்மேல் நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

அவர் முதலில் துரை பங்களாவின் கார்க் கொட்டகைக்குப் போய் ஒரு பழைய திருகு ஜாக்கியைத் தேடிக்கொண்டு வந்தார். துருப் பிடித்திருந்தாலும் ஏறியது. ஆனால் கார் நாலு சக்கரத்தில் நிற்கிறது, ஒரு மூலையைத் தூக்கினால் மற்ற மூன்றும் தாங்கும். இது ஒல்லிப் பொருள். ஜாக்கியை வைத்துத் தூக்கியதும் இந்தப் பக்கம் சாய்ந்தது, பிடித்து நிமிர்த்தினால் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஸ்டோர் உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிடலாமா என்று பார்த்தார். உத்தரத்தைக் கரையான் அரித்திருந்தது. எண்ணெய் பீப்பாய்களையெல்லாம் ஜப்பான்காரன் ஏற்கெனவே அள்ளிக்கொண்டு போயிருந்தான். இப்படியே இரண்டு நாள் போய்விட்டது.

"அண்ணே, பழைய புகைவீட்டுல செங்கல் கிடக்குல்ல, அதை அடுக்கி நிறுத்துவோம்" என்றார் தம்பி.

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைத்த அந்தப் புகைவீடு தோட்டத்தின் அடுத்த கோடியில் இடிந்து கிடந்தது. தம்பி பால் வாளி தூக்குகிற காண்டாக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் போனார். இரண்டு வாளி நிறையச் செங்கல்லோடு வெயில் ஏறித் திரும்பி வந்தார். இருபத்து நாலு கல். தோள்பட்டை சிவந்து கன்றியிருந்தது. இடுப்பு உயரத்துக்கு அகலமாக இரண்டு தூண் கட்ட இன்னும் நாலு நடை வேண்டும் என்றார்.

நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். தம்பிமேல் இரக்கப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. அவர் ஒவ்வொரு நடை போய் வந்ததும் கிழங்கு கேட்பார், நான் அவித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பில்லை.

"விடுங்க தம்பி. ஸ்டோர்ல வாங்க ஆளில்லாம ரப்பர் மலையாக் கிடக்கு. நாலஞ்சு ஷீட்டுக் கட்டு உருட்டிட்டு வந்தா ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும்."

"ரப்பர் மேல நிறுத்தினா வண்டி ஓடாது அண்ணி, குதிக்கும்லா."

"குதிக்க அது என்ன பந்தா? ஆறு வருசமா இழுக்கிறேன். எனக்குத் தெரியாத ரப்பரா?"

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். லாரியில் ரப்பரை ஏற்றி இறக்கியதைத் தவிர அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"நீ சொன்னா சரிதான்" என்றார்.

நல்ல காலத்தில் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைத்துத்தான் கட்டுவோம். அது கெட்டியாக இருக்கும். ஜப்பான்காரன் வந்தபிறகு விறகு வெட்ட ஆளில்லை, புகை போடவும் இல்லை. கொடியில் தொங்கவிட்டு, ஈரம் போனதும் மடித்துக் கட்டிவிட்டோம். கைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. முன்பெல்லாம் பத்து நாளில் லாரி வந்து ஷீட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். பாரத்தின் கீழே புகை போடாத பச்சை ரப்பர் நாள்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. அப்படியும் முழுப்பொய் சொல்ல மாட்டேன். ஸ்டோரில் அடியில் கிடந்த கட்டுகள் பிதுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பிண்டமாகிப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலே இருந்ததைப் பாராங்கத்தியால் அறுத்து எடுத்தோம், சிரித்துக்கொண்டே எடுத்தோம். அது எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் கட்டுகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, மூன்று பேருமாக வண்டியைத் தூக்கி வைத்தோம். அசையாமல் நின்றது. தம்பி பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணி கெட்டிக்காரிதான், நான்தான் முட்டாள் மாதிரி கல்லு சுமந்தேன்" என்றார்.

அந்தச் செங்கல்லைக் கொட்டகை ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

இரண்டு நாள் வேலை நன்றாக நடந்தது. சக்கரங்கள் கழன்றன. மூன்றாம் நாள் மத்தியானம் தகரம் கொதித்தது. நான் அடுப்படியில் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். அவர் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து இயந்திரத்தை இறக்க ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்துக் கட்டுகள் வெக்கையில் இளகி, மெதுவாக வெளிப்பக்கம் பிதுங்கி இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடினேன். வண்டி அவருடைய வலது காலின்மேல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. இயந்திரத்தின் அடிக்கூடு தரையில் பதிந்திருந்த கல்லில் மோதிப் பிளந்திருந்தது. அதற்குமேல் அதை யாராலும் ஓட வைக்க முடியாது.

கிராணி ஒரு சிப்பாயோடு வந்தார். படுத்துக் கிடந்த மனுஷனை அந்தச் சிப்பாய் இரண்டு அறை அறைந்தான். வண்டியை மறுபடி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். கிராணி மட்டும் பின்தங்கி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"காலொடிஞ்சவனை ஏத்த மாட்டாங்க. ஆனா பன்னெண்டு பேரு நிக்கணும்மா. உங்க வீட்டுலதான் இன்னொரு ஆம்பளை இருக்காரு."

"என் பேரை எழுதிக்குங்க ஐயா" என்றார் தம்பி.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனசில் இருந்தது துக்கமில்லை. என் புருஷன் போக வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

போகிற அன்றைக்கும் தம்பி கேலியை விடவில்லை.

"நான் இல்லாத நேரம் பார்த்து என் செங்கல்லை எடுத்து அடுப்பு கட்டிராதீங்க அண்ணி. அண்ணன் எந்திரிச்சதும் வேணும்."

சண்டை முடிந்தபின் எங்கள் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தம்பிக்கு வாந்திபேதி கண்டது, இரண்டு நாள்தான் கிடந்தார் என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். லயத்துப் பெண்கள், உன் ரப்பர்தான் உன் புருஷனைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று ஆறுதல் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து உள்ளே போய்விடுவேன். என் வீட்டுக்காரர் வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பாடாங் செராய்க்கே குடிவந்தோம். வரும்போது அந்தச் செங்கல்லையும் மாட்டு வண்டியில் ஏற்றினேன். பல வருஷம் கழித்து வேலைக்குப் போக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கிய மாதமே அது படுத்துவிட்டது. தூக்கி நிறுத்த ஏதாவது வாங்கலாம் என்று கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் இரண்டு ஜாக்கிகளை எடுத்து வைத்தார்.

"இது திருகுறது. இது காலால அமுக்கினா ஏறிரும்க்கா, வலியே இல்ல."

என் வீட்டுக்காரர் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எது நல்லதுன்னு நீ சொல்லு."

அத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னிடமே கேட்கிறார்.

"ஒண்ணும் வேணாங்க. வீட்டுல செங்கல் இருக்கு" என்றேன்.

பாசியைத் தேய்த்துக் கழுவி நானே அடுக்கினேன். பக்கத்துக்குப் பன்னிரண்டு, தம்பி சுமந்த அதே இருபத்து நாலு கல். இடுப்பு உயரம் வரவில்லை, முழங்கால் உயரம்தான் வந்தது. மேலே பலகை போட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டியை ஏற்றினோம். அவர் ஒடிந்த காலை நீட்டி, அடியில் படுத்துக்கொண்டே மூன்று நாள் வேலை செய்தார். அந்த மூன்று நாளும் நான் அடுப்படியில் இருக்கவில்லை, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இழைகூட இறங்கவில்லை.

வேலை முடிந்து அவர் வெளியே ஊர்ந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கற்களைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கும் இவ்வளவே போதுமா இருந்திருக்கும், புள்ள" என்றார்.

அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.