டியூப் அலசிய கை

எனக்குக் கைராசி உண்டு என்று நாலு மாதம் நம்பினேன். வீட்டில் சொன்னேன். கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். இருபது வருடம் செல் வளர்த்த ஒருவன் இவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் மேலே படிக்கலாம்.

எங்கள் லேப் பாலக்காட்டுக்குக் கிழக்கே. தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்லைப் பிரித்து என்.கே. செல்லாக, அதாவது புற்றுநோய் செல்லைத் தாக்குகிற நோய் எதிர்ப்புச் செல்லாக, வளர்ப்பதுதான் வேலை. முன்பெல்லாம் அதற்குத் தீனி, கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். அது பாட்டிலுக்குப் பாட்டில் குணம் மாறும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. நாளைக்கு நோயாளியின் உடம்பில் ஏற்ற வேண்டிய செல்லுக்கு அது ஆகாது. எனவே எங்கள் தலைவி நஸீமா மேடம் புது செய்முறைத் தாள் எழுதினார்: விலங்கிலிருந்து எடுத்த எதுவும் ஒரு துளிகூடச் சேரக் கூடாது.

நான் ஒரு பேட்ச், சௌம்யா ஒரு பேட்ச் என்று தனித்தனியே போட்டோம். சௌம்யா பக்கத்துப் பெருமாட்டி ஊர்க்காரி, ஒப்பந்த வேலை. என் செல்கள் பெருகின. அவளுடையவை, பேட்ச் போட்ட மூன்று தடவையும் எண்ணிப் பார்க்கும்போது பாதிக்கு மேல் காணவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அம்மிணி, செல்லுங்கறது கன்னுக்குட்டி மாதிரி. நீ பதறுனா அதுக்குத் தெரிஞ்சு போயிரும்" என்று உபதேசம் செய்தேன்.

"எங்கூட்டுல நாலு கன்னு நிக்குதுண்ணா. அதுக்கெல்லாம் என்னைப் புடிக்கும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாசக் கடைசில அவ காண்ட்ராக்ட் முடியுது. இப்படியே போனா புதுப்பிக்கச் சொல்லி நான் எப்படி எழுதறது? ஒரு தடவை உங்க பக்கத்துல நின்னு பார்க்கட்டும்."

மறுநாள் காலை ஹூடின், அதாவது கிருமி புகாமல் செல்லைக் கையாளும் கண்ணாடிப் பெட்டியின், முன் உட்கார்ந்தேன். சௌம்யா தாளும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படிக்கும் டிக் போட்டாள். நான் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, இப்பப் பண்ணுனது எந்த ஸ்டெப்பு?"

"எது?"

"டியூப்புக்குள்ள என்னமோ ஊத்திக் கொட்டுனீங்களே."

"இதெல்லாம் ஒரு ஸ்டெப்பா? டியூப்ப அலசறது, அம்மிணி. காப்பி ஊத்தறதுக்கு முன்னால டம்ளர அலச மாட்டியா?"

"எதுல அலசுனீங்க?"

"சீரத்துல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. வேறு வேலைக்காக அதே ஃப்ரிட்ஜில் இருந்த பழைய சீரம் பாட்டில். இருபது வருடமாக என் கை அதை எடுக்கும், அலசும், வைக்கும். என்னைக் கேட்டதே இல்லை.

நானே போய் மேடத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மதியம் சோறு இறங்கியிருக்கும். என் நாலு மாதக் கைராசி, சீரம் பட்ட அத்தனை பேட்ச்சும், பிளீச்சில் கொட்டப்பட்டது. அதைவிட உறுத்தியது, தாளில் இருந்ததை அப்படியே செய்தவளுக்கு நான் நடத்திய பாடம்.

சௌம்யாதான் யோசித்துக் கேட்டாள். "அப்ப என் செல்லு சாகல மேடம். டியூப் சுவத்துல ஒட்டிக்கிட்டே போயிருக்கு. இவருக்கு மட்டும் சீரம் அதை ஒட்ட விடல. அப்படித்தானுங்களே?"

"அப்படித்தான்" என்றார் மேடம். நெல்லில் வளர்த்தெடுத்த மனித ஆல்புமின் என்று ஒரு புரதம் உண்டு; விலங்கு சம்பந்தமே இல்லை, ஆனால் அதுவும் செல்லைச் சுவரில் ஒட்ட விடாது. அதை வரவழைத்தார். சௌம்யா அதில் டியூபை அலசி மறுபடி பேட்ச் போட்டாள். இரண்டாவது வாரம் எண்ணினோம். செல்கள் அப்படியே இருந்தன, மேலும் பெருகியிருந்தன. சீரம் ஒரு துளி இல்லை. அன்று மாலையே மேடம் அவள் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஹூடில் குனிந்திருந்தவளிடம் போய், "என்ன இருந்தாலும் அம்மிணி, டியூப்ப அலசோணும்னு மொதல்ல கண்டுபுடிச்சது இந்தக் கைதானே?" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"எழுதி வெச்சீங்களாண்ணா?"