மடித்துப் போட்ட கண்ணாடி

நவம்பர் நடுவில் ஒதிலின் கண்ணுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அழுகை இல்லை. அழுகை எப்படி வரும், எப்படி நிற்கும் என்பதெல்லாம் அந்த வருடம் அவளுக்கு அத்துப்படி. இது வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. குளத்தின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் மரங்கள் எப்படித் தெரியுமோ, அப்படி உலகம் நெளிந்தது.

வேறு வேலையாக இருந்தால் சமாளித்திருப்பாள். ஒதில் ஓட்டியது பள்ளிக்கூடப் பேருந்து. மொர்வான் மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவும் அவள் கைக்குத் தெரியும், கண் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஒரு மூடுபனிக் காலையில் அந்தப் பெருமையும் போனது. சாலையோரம் சிவப்பாக ஏதோ அசைந்தது. தபால் பெட்டி என்று நினைத்தாள். தபால் பெட்டி ஒரு அடி முன்னால் வைத்தது. பிரேக்கை மிதித்தபோது மொத்தப் பிள்ளைகளும் முன்னிருக்கைகளில் மோதினார்கள். வெளியே சிவப்புக் கோட்டுக்குள் மாயெல் என்ற சின்னப்பெண் நின்றிருந்தாள். பம்பருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு புத்தகப்பை அகலம்தான்.

"மேடம், என்னைப் பாக்கலையா?" என்றபடி ஏறினாள் மாயெல்.

"பாத்தேன். அதான நிறுத்தினேன். போய் உக்காரு."

ஒதில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வண்டியை எடுத்தாள்.

நகரத்துக் கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சின்னப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ நல்ல கண்ணு இருக்காது மேடம். துக்கத்துல இருக்கீங்க, தூங்குங்க." இன்னொரு முறை இப்படி ஆனால் பேருந்துச் சாவியைத் தானே கொடுத்துவிட வேண்டும் என்று திரும்பும் வழியில் முடிவு செய்தாள். பேருந்தும் போய்விட்டால் அந்த வீட்டுக்குள் பகலெல்லாம் என்ன செய்வது?

வீட்டில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. கூடத்து மேசையில் கழுத்து வளையும் விளக்கு ஒன்று உண்டு. படுக்கப்போகும்போது அதன் கழுத்தை மேசைப்பக்கம் குனிய வைப்பாள். விடிந்து பார்த்தால் அது ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் கணவன் ஆன்செல்ம் பேப்பர் படித்த நாற்காலி. ஆன்செல்ம் கோடையில் செத்துப்போயிருந்தான், மரம் அறுக்கும் ஆலையிலேயே, சாப்பாட்டு நேரத்தில், பாலாடைக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

முதலில் பூனை என்று நினைத்தாள். பிறகு வீட்டில் பூனை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு, உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். கண்ணுக்கும் அதுதான் காரணம், விளக்குக்கும் அதுதான். நாலு நாள் யோசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மார்செலின் வீட்டுக்குப் போனாள்.

மார்செலின் தபால்காரி. பழைய தெய்வங்களைக் கும்பிடும் அவர்களுடைய சிறு கூட்டத்துக்குப் பூசாரி என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனால் சுனையருகில் முதலில் பேசுவதும், பால் ஊற்றுவதும், தப்பாகச் செய்தவர்களை முறைப்பதும் அவள்தான். அன்று சமையலறையில் ஃபுல்பேரும் இருந்தான். கார் பழுது பார்ப்பவன், ஆன்செல்மின் கூட்டாளி. எங்கே உருளைக்கிழங்கு வேகிறதோ அங்கே இருப்பான்.

ஒதில் அந்தத் தெய்வங்களிடம் வந்து சேர்ந்ததே சூப் பானையோடுதான். ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் ஆன்செல்ம் காட்டுச் சுனைக்குக் கூட்டிப்போனபோது, இந்தப் பைத்தியங்களுக்குக் குளிரில் சளி பிடிக்கக்கூடாதே என்று பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஓரமாக நின்றாள். சுனைக்கு மேல் ஒரு கல். அதில் ஒரு பெண்ணுருவம். முகம் தேய்ந்துபோய், கிண்ணம் ஏந்திய கைகள் மட்டும் மிச்சம். பேர் யாருக்கும் தெரியாது. வேறு ஊர்ச் சுனைத் தெய்வத்தின் பேரைக் கடன் வாங்கிச் சிரோனா என்று கூப்பிட்டார்கள். கண்நோய் தீர்க்கிறவள் என்பதற்கு மட்டும் சாட்சி இருந்தது. பழங்காலத்தில் காணிக்கையாகப் போட்ட, கண் வரைந்த தகடுகள் பல சேற்றுக்குள்ளிருந்து கிடைத்திருந்தன. 'முகமே இல்லாதவளிடம் எதையும் சொல்லலாம் போலிருக்கிறதே' என்று ஒதிலுக்குத் தோன்றியது. அடுத்த மாதம் பானை இல்லாமல் போனாள்.

ஊருக்கு இது பழகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரி மட்டும் விடமாட்டாள். "என்ன ஒதில், இந்த வாரம் யாரு? இடி சாமியா, குதிரை சாமியா?"

"குதிரை சாமிதான். உன் ரொட்டிய அதோட பல்லாலதான் கடிக்க முடியும்."

இப்போது மார்செலினின் மேசையில் உட்கார்ந்து ஒதில் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மூணு ராத்திரித் திருவிழாவுல நான் அவரோட கண்ணாடிய உடைக்கல."

மார்செலின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

மூன்று ராத்திரி என்பது அவர்களுடைய வருடப்பிறப்பு. நவம்பர் தொடக்கத்தில் வரும், செத்தவர்களுக்கானது. அந்த வருடம் இறந்தவர்களின் பொருள் ஒன்றைச் சுனையில் போட வேண்டும். போடுமுன் அதை உடைக்க வேண்டும், இல்லை வளைக்க வேண்டும். முழுதாகப் போட்டால் அது இந்தப் பக்கத்துப் பொருளாகவே கிடக்கும், உடைந்தால்தான் அந்தப் பக்கம் போய்ச்சேரும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் இருந்தவர்கள் நல்ல வாளைக்கூட வளைத்துத்தான் தண்ணீரில் போட்டார்கள். இந்த வருடம் மார்செலின் தன் அம்மாவின் சீப்பை முறித்தாள். ஃபுல்பேர் தன் நாயின் கழுத்துப்பட்டையை அறுத்துவிட்டு மூக்கைச் சிந்தினான். ஒதில் ஆன்செல்மின் மூக்குக்கண்ணாடியை எடுத்தாள்.

"நான் பாத்தேனேடி, நீ வளைச்ச."

"வளைக்கல. மடிச்சேன். ரெண்டு காதுக்கம்பியையும் மடிச்சுப் போட்டேன். இருட்டுல உங்களுக்குத் தெரியல."

"மடிச்சதும் வளைச்சதும் ஒண்ணுதானம்மா," என்றான் ஃபுல்பேர்.

"மடிச்சத திரும்ப விரிக்கலாம்டா மடையா," என்றாள் மார்செலின். "ஏன் ஒதில்? அவ்ளோ வருஷமா வர. உனக்குத் தெரியாதா?"

"அந்த மனுஷன் வாழ்நாள் பூரா அது மேலயே உக்காந்து உக்காந்து உடைச்சாரு. நான் திட்டித் திட்டி ஒட்ட வெச்சேன். கடைசியா கீல்ல செப்புக் கம்பி சுத்தினது நான். அத என் கையாலயே உடைக்கச் சொல்றியா? முடியல. அவ்ளோதான்."

அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்தது.

"அப்ப அவன் இன்னும் பாத்துட்டு இருக்கான்," என்றான் ஃபுல்பேர் மெதுவாக. "தண்ணிக்கு அடியில இருந்து."

"என் கண்ணு வழியா," என்றாள் ஒதில்.

கண்ணாடியை வெளியே எடுத்து உடைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் சுனைக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக்கூடாது, அதுவும் அவர்களுடைய சட்டம். மார்செலின் வெகுநேரம் விரலால் மேசையைத் தட்டினாள்.

"நீ அதக் குடுக்கவே இல்ல. அங்க வெச்சுட்டு வந்திருக்க, அவ்ளோதான். வெச்சத எடுக்கலாம்."

"தண்ணி அப்படி நினைக்குமா?" என்றான் ஃபுல்பேர்.

"தண்ணிகிட்ட நான் பேசிக்கறேன். நீ சாப்பிடு."

அவர்களுக்கு நாள் பிறப்பது பொழுது சாயும்போது. ஒதில் அந்த நேரத்துக்குத் தனியாகக் காட்டுக்குப் போனாள். சுனை அசைவில்லாமல் கிடந்தது. கலங்கிய கண்ணுக்கும் கண்ணாடி தெரிந்தது. மண்ணில் மல்லாந்து, மேலே பார்த்துக் கிடந்தது. மடித்துப் போட்ட காதுகள் இரண்டும் விரிந்திருந்தன, யாரோ மாட்டியிருப்பதைப்போல.

முழங்கை வரை கைவிட்டு எடுத்தாள். குளிர் எலும்பைக் கடித்தது. பாவாடையில் துடைத்தாள். துடைத்ததைச் சரிபார்க்க மூக்கில் வைத்துப் பார்ப்பது அவள் பழைய பழக்கம். வைத்தாள்.

காடு தெளிந்தது. ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு கிளையிலும் பாசியும். வாரக்கணக்கில் காணாத கூர்மை. கழற்றினாள், உலகம் நெளிந்தது. மாட்டினாள், தெளிந்தது. கல்லில் எடுத்து அடிக்க வேண்டிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பேருந்தை அவ்வளவு அழகாக ஓட்டினாள். "மேடம், இது சாரோட கண்ணாடிதான?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "ஆமா. நல்லாருக்கா?" "ஆந்தை மாதிரி இருக்கீங்க." எல்லோரும் சிரித்தார்கள். சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. கண்ணும் இருக்கிறது, அவனும் முழுதாகப் போய்விடவில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பழைய ஆலைத் திருப்பத்தில் ஒரு வயதானவர் நின்றுகொண்டிருந்தார். மழையில் நனைந்திருந்தார், குடை இல்லை. பாவமாக இருந்தது. பள்ளிக்கூட வண்டிதான், ஆனால் இந்தக் குளிரில் யார் சட்டம் பார்ப்பார்கள்? நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க."

அவர் ஏறவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். மொரிஸோ வாத்தியார். சின்ன வயதில் ஒதிலுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய சவ அடக்கத்துக்கு ஒதில் தன் முதல் கறுப்புக் கோட்டை வாங்கியிருந்தாள்.

"மேடம், யாருக்குக் கதவு தொறந்தீங்க?" என்றாள் பின்னாலிருந்து மாயெல். "அங்க யாருமே இல்ல."

கதவை மூடினாள். அதன்பின் வழியெங்கும் இருந்தார்கள். கிணற்றடியில் ஒருத்தி, மூடிப்போன உணவகத்து வாசலில் மூன்று பேர், வயலுக்கு நடுவே பட்டாள உடுப்பில் ஒரு பையன். பயமுறுத்தவில்லை. வண்டிக்குக் காத்திருப்பவர்களைப்போல நின்றார்கள், அவள் கடந்துபோகும்போது தலையைத் திருப்பினார்கள். செத்தவனின் கண்ணாடிக்குச் செத்தவர்கள் தெரிவதில் என்ன ஆச்சரியம்? அவள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே ஓட்டினாள்.

அன்று முழுக்கத் தேடினாள். ஆலை வாசலில், அவன் குடிக்கப்போகும் கடையில், கல்லறையில். மார்செலினின் அம்மா தென்பட்டாள். ஃபுல்பேரின் கிழட்டு நாய்கூட அவனுடைய பட்டறைப் படியில் படுத்திருந்தது. சீப்பை முறித்தார்கள், பட்டையை அறுத்தார்கள், ஆகவே அம்மாவும் நாயும் அந்தப் பக்கம் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்து நிம்மதியாக இருந்தார்கள். நாய் தூக்கத்தில் வாலை ஆட்டியது.

ஆன்செல்ம் எங்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்தாள். காலி. கூடத்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அதில் அவனுடைய மூக்குக்கண்ணாடி. அப்போதுதான் புரிந்தது. பார்த்துக்கொண்டிருப்பவன் எப்படிப் பார்வையில் தெரிவான்? அவனை அவள் எந்தப் பக்கமும் போகவிடாமல் தன் மூக்கின்மேல் நிறுத்தி வைத்திருந்தாள். அங்கே நாய்க்கு இருந்த இடம்கூட அவனுக்கு இல்லை.

"அட மனுஷா," என்றாள் சத்தமாக. "சொல்லியிருக்கலாம்ல?"

கழற்றினாள். கூடம் தண்ணீருக்குள் மூழ்கியது. சுத்தியலைத் தேடவில்லை. தடவித்தடவி நடந்து, கண்ணாடியை அவனுடைய நாற்காலியில் வைத்தாள், அவன் வழக்கமாக மறந்து வைக்கும் அதே இடத்தில், காதுகள் மேல்நோக்கி. பிறகு திரும்பி, அவன் எப்படிப் பேப்பரோடு தொப்பென்று விழுவானோ அப்படியே உட்கார்ந்தாள்.

நொறுங்கிய சத்தத்தை அவளுக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். "மறுபடியுமா!" என்ற வார்த்தை தானாக வாயில் வந்தது. பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வண்டிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சில்லுகளையும் செப்புக் கம்பியையும் பொழுது சாயச் சுனையில் போட்டாள். இந்த முறை மார்செலின் பால் ஊற்றினாள். ஃபுல்பேர் சூப் பானையோடு ஓரமாக நின்றான். திரும்பும்போது மரங்கள் மரங்களாக நேராக நின்றன. அதை அவள் முதலில் கவனிக்கவே இல்லை, பாதி வழியில்தான் கவனித்தாள்.

திங்கட்கிழமை ஆலைத் திருப்பத்தில் யாரும் இல்லை. சாலை நன்றாகத் தெரிந்தது, ஈரத் தார்கூடத் தெரிந்தது. சிவப்புக் கோட்டைத் தூரத்திலிருந்தே கண்டு வேகத்தைக் குறைத்தாள்.

இரவு விளக்கை மேசைப்பக்கம் குனிய வைத்துப் படுத்தாள். விடிந்ததும் அது மேசையைப் பார்த்தபடியே இருந்தது. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். ஒருநாள் சாப்பிட்டு முடித்தபின் அவளே அதன் கழுத்தைப் பிடித்து நாற்காலிப்பக்கம் திருப்பிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காலையில் வந்து பார்த்தாள். அவள் திருப்பி வைத்த மாதிரியே இருந்தது.