முனகிய இடது ஸ்பீக்கர்

போன வாரம், சேலத்து ஸ்பீக்கர் கடைக்காரர் செந்திலை மூன்றாவது முறையாக மலையேற வைத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு... பாவம் மனிதர்!

விஷயம் இதுதான். வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்கினேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். இல்லாவிட்டால், ஹீரோ திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதற்குள் குரல் மாறிவிடும். இதைப் பற்றி நான் லெக்சர் கொடுக்காத ஆள் ஏற்காட்டில் இல்லை. மஞ்சக்குட்டை பஸ்ஸில்கூடக் கொடுத்திருக்கிறேன்.

அப்படியிருந்தும் இடது ஸ்பீக்கர் மட்டும் முனகியது. விடுவேனா? ஒரு முறை ஸ்பீக்கரையே மாற்ற வைத்தேன். இன்னொரு முறை ஒயரை. ம்ஹூம்... "ஜோடி சேரவே இல்லை" என்று கடைக்கு போன் போட்டுக் கத்தினேன்.

இந்த முறை செந்தில் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. சோபாவில் இருந்த என்னையே பார்த்தார். அவர் பேசும்போதெல்லாம் நான் வலது காதை நீட்டியதைக் கவனித்தாரோ என்னவோ. என் இடப்பக்கம், வழக்கம்போல மனைவி.

"ஏனுங்க சார், டிவிக்கு முதுகக் காட்டித் திரும்புங்க பாக்கலாம்."

சோபாவில் மண்டி போட்டுத் திரும்பினேன். இடது ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. வலது முனகியது!

"ஸ்பீக்கரெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. உங்க இடது காதத்தான் டாக்டர்கிட்டக் காட்டோணும்."

ஊருக்கே பாடம் நடத்தியவனுக்கு மானம் போயிற்று. ஆனால் மனைவி சிரிக்கவில்லை.

"ரெண்டு வருசமா நான் பேசுனா நீங்க பதிலே சொல்றதில்லீங்க. எம்பேச்சு சலிச்சுப் போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்..."

சுருக்கென்றது. ஐந்து பெட்டிகளுக்கு இவ்வளவு மெனக்கெட்டவன், பக்கத்தில் இருந்தவளுக்குச் சும்மா தலையாட்டியே காலம் தள்ளியிருக்கிறேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. கோளாறு நம்மிடமும் இருக்கலாம் என்பது ஏன் எப்போதும் கடைசியாகத்தான் தோன்றுகிறது?

"இனிமேல் நீ வலப்பக்கம் உட்கார்" என்றேன். வந்து உட்கார்ந்தாள். முதல் வாக்கியமே தெளிவாகக் கேட்டது.

"பரண்ல கெடந்த உங்க பழைய ஆம்ப்ளிஃபயர இரும்புக்கடைக்குப் போட்டுறலாங்களான்னு போன மாசம் கேட்டேன். தலையாட்டுனீங்களே... போட்டுட்டனுங்க."

இன்னும் எதற்கெல்லாம் தலையாட்டினேனோ! தாயே, நீ இடப்பக்கமே உட்கார்ந்துகொள்.