சத்தம் போடாத பெட்டி

செபஸ்தியான் யாரையும் நம்பமாட்டார் என்பது நாகல் நகருக்கே தெரியும். டீசல் போடும்போது வண்டியை விட்டு இறங்கி நின்று, மீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டுவார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. இவர் தராசுத் தட்டையும் தூக்கி அடியில் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கண்ணை மூடிச் செபிக்கும்போதுகூட ஒரு கண் வாசல்பக்கம் ஜீப்பின் மேல் இருக்கும். போன பங்குனியில் கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டோடு உட்கார்ந்திருந்தவர், “எடுத்த புரையக் காட்டுங்க டாக்டரம்மா” என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்தார். செபஸ்தியான் சிரிக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரை, அவர் வீட்டு வாசலிலேயே வைத்து இன்னொருத்தி சந்தேகப்பட்டுவிட்டாள்.

அவள் பெயர் ஜீவிதா. சிறுமலையில் வாழையும் மிளகும் போட்டிருக்கிறாள், முப்பது வயது இருக்கும். செபஸ்தியானின் ஜீப்பை விலைக்குப் பார்க்க வந்திருந்தாள். ஆபரேஷன் ஆன பிறகும் எதிர்வண்டி வெளிச்சம் அவர் கண்ணைக் கூசியது. மலைப்பாதை இனி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். பழைய இரும்புக்காரர்கள் இரண்டு பேர் வந்து கேட்டபோது வாசலோடு அனுப்பிவிட்டார். வண்டி மலையிலேயே ஓட வேண்டும், ஓட்டத் தெரிந்தவர் கையில் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. ஜீவிதா வந்ததும் பெயின்ட்டைப் பார்க்காமல் நேரே குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். அதிலேயே அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஆத்தூர்ப் பக்கம் மண்பாதையில் ஓட்டிப் பார்த்தாள். நாலு சக்கர இழுவையைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டு ஒரு மேட்டில் ஏற்றினாள். வீட்டுக்குத் திரும்பி இஞ்சினை நிறுத்தினாள்.

“டிரான்ஸ்ஃபர் கேஸு எத்தன வருசமாச்சுங்கய்யா?”

“இருபத்தோரு வருசம். பிரிச்சதே இல்ல. ஒரு பல்லு மாத்தல.”

“இருபத்தோரு வருசம் மலையில ஓடுன பெட்டி கொஞ்சமாச்சும் முனகணும்ல? இது மூச்சே விடல.” அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “உள்ள வாழப்பழம் கீழப்பழம் போட்டிருக்கீங்களா?”

செபஸ்தியானுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர் பாக்ஸுக்குப் பின்னால் தொங்கும் இரும்புப் பெட்டி. இஞ்சினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். உள்ளே பல்சக்கரங்கள் தேய்ந்தால் கத்தும். கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து எண்ணெயோடு உள்ளே தள்ளிவிட்டால் கத்தல் அடங்கும். சத்தம் இல்லாத வண்டி என்று சொல்லி யார் தலையிலாவது கட்டிவிடலாம். பத்து நாளைக்குப் பெட்டி பரம சாது. அதற்குப் பிறகு வாங்கியவன் பாடு.

வாங்கியவன் பாடு என்னவென்று செபஸ்தியானைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. இருபத்தோரு வருடத்துக்கு முன் இதே ஜீப்பை அவர் ஒரு புரோக்கரிடம் வாங்கியபோது அப்படித்தான் ஏமாந்தார். பதினோராம் நாள், வண்டி நிறைய வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சிறுமலையிலிருந்து இறங்கும்போது பெட்டி இறுகிக்கொண்டது. வளைவில் வண்டி குறுக்கே திரும்பிக் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. சுவர் இல்லையென்றால் செபஸ்தியானும் இல்லை. பெட்டியைத் திறந்தபோது கருகிய பாகு வாடை அடித்தது. மலையெல்லாம் ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். புரோக்கர் ஊரைவிட்டே போய்விட்டான்.

போகாமல் இருந்தவர் சௌகத் அலி. பேகம்பூரில் அப்போதுதான் பட்டறை போட்டிருந்த மெக்கானிக். வண்டியை வாங்கும்முன் அவரைத்தான் செபஸ்தியான் கூட்டிப்போயிருந்தார். “சத்தமே இல்லண்ணே, தாராளமா எடுங்க” என்று சொன்னது அவர்தான். புரோக்கரிடம் கை நீட்டியிருப்பான் என்று செபஸ்தியான் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். விசாரணை எல்லாம் கிடையாது. அதன்பிறகு பேகம்பூர் வழியாகப் போக நேர்ந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்.

வேறு பெட்டி வாங்கி மாட்டினார். அன்று முதல், கண் ஆபரேஷன் சமயத்தில் மைத்துனனிடம் கொடுத்த ஒரு தடவை தவிர, அதற்கு எண்ணெய் மாற்றுவதை இன்னொருவர் கையில் விட்டதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் என்றால் பத்தாயிரம். ஓடை தாண்டி வண்டி நனைந்திருந்தால் அதற்கும் முன்பே. ஓடிவந்த சூட்டோடு வடிய விடுவார், அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். வடிந்ததை விரலில் தொட்டுத் தேய்ப்பார், மோந்து பார்ப்பார். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நரநரவென்றால் இரும்பு தேய்கிறது. “கெட்டுப்போன எண்ணெய் எண்ணெயில்லப்பா, உப்புத்தாளு. ஊத்தி வச்சுப் பெட்டிய நீயே தேச்சுக்கிட்டிருக்க” என்று மலையில் எல்லா டிரைவர்களிடமும் சொல்வார். கூடவே இன்னொன்றும் சொல்வார்: “எந்த மெக்கானிக்கையும் நம்பாத. வண்டிய விட்டுட்டு டீ குடிக்கப் போகாத. பக்கத்துலயே நில்லு.”

அந்தச் செபஸ்தியானைப் பார்த்துத்தான் வாழைப்பழமா என்கிறாள்.

“இப்பவே வடிச்சுக் காட்டுறேன் தாயி. பழம் இருந்துச்சுன்னா வண்டியச் சும்மா எடுத்துட்டுப் போ. மலையில எல்லார்கிட்டயும் சொல்லு.” வேட்டியை மடித்துக் கட்டினார். “ஏ மேரி, அந்தப் பழைய தாம்பாளத்த எடுத்தா!”

அவர் மனைவி புஷ்பமேரி தாம்பாளத்தோடு வந்தாள். வந்தவள் அதைக் கீழே வைக்காமல் அவரை வீட்டு ஓரமாக இழுத்துப் போனாள்.

“ஏங்க, இன்னிக்கு வேணாங்க.”

“ஏன்?”

“நீங்க கண்ணுக் கட்டோட இருந்தப்ப எண்ணெய மாத்தச் சொல்லி பவுல்ராஜ்கிட்ட வண்டியக் குடுத்தீங்கல்ல?” பவுல்ராஜ் அவள் தம்பி. “அவனுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. அவன் மாத்தல. சௌகத் அலி பாய் பட்டறையிலதான் மாத்துனது.”

அந்தக் கை பட்ட பெட்டியா? ஏழு மாதமாக வண்டி மலை ஏறாமல் ஊருக்குள்ளேயே சத்தமில்லாமல் ஓடுகிறதே, அதனால்தான் பெட்டி இன்னும் இறுகவில்லையா? மாற்றினானோ, மாற்றாமலே மாற்றினேன் என்றானோ. பழசை வடித்துவிட்டு எதையாவது ஊற்றினானோ. இருபத்தோரு வருடமாகப் பேசாமல் இருந்ததற்குப் பழி தீர்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? முன்னால் நிற்பவளோ பழத்தைத் தேடுகிறாள். இருந்துவிட்டால் மலையில் தலைகாட்ட முடியாது. அந்த டிரைவர்களுக்கு அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு.

திரும்பி வந்தவர், “எண்ணெய் ரொம்பச் சூடா இருக்கு தாயி. நாளைக்கு வாரியா?” என்றார்.

ஜீவிதாவின் கண் சுருங்கியது. “சூட்டோட வடிச்சாத்தான் கசடு வரும்னு மலையில எங்கப்பாவுக்குச் சொன்னது நீங்கதானாம்.” சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

வேறு வழியில்லை. செபஸ்தியான் வண்டிக்கு அடியில் படுத்தார். முதலில் மேலே எண்ணெய் ஊற்றும் ஓட்டையை அடைத்திருந்த பிளக்கைத் தளர்த்தினார். பிறகு எண்ணெய் வடியும் கீழ்ப் பிளக்கில் ஸ்பேனரை வைத்தார். மாதாவே, இந்த ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டே திருகினார்.

எண்ணெய் தாம்பாளத்தில் விழுந்தது. நல்லெண்ணெய் நிறத்தில், தெளிவாக, நூல் பிடித்தாற்போல் விழுந்தது. ஜீவிதா குந்தி உட்கார்ந்து விரலை விட்டுத் தேய்த்தாள், மோந்தாள். தன் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பழமும் இல்லை, பாகு வாடையும் இல்லை. பிளக்கின் காந்த முனையில் மை மாதிரி கொஞ்சம் சாம்பல் பசை மட்டும் ஒட்டியிருந்தது. நல்ல பெட்டியில் அவ்வளவு இருக்கத்தான் செய்யும். பிளக்கில் இருந்த செப்பு வாஷர் புத்தம் புதிதாகப் பளபளத்தது. செபஸ்தியான் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர்கூட ஒவ்வொரு தடவையும் பழைய வாஷரைத் திருப்பித்தான் போடுவார்.

“எடுத்துக்கிறேங்கய்யா,” என்றாள் ஜீவிதா. “தப்பா நெனைக்காதீங்க. நான் யாரையும் நம்புறதில்ல.”

புஷ்பமேரி அதற்குள் உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். பாதி அளவு கறுத்த எண்ணெய். கழுத்தில் ஒரு காகிதப் பொட்டலம் கட்டியிருந்தது. பிரித்தால் நசுங்கிய பழைய வாஷர்.

“பாய் அன்னிக்கே குடுத்தாரு. ‘பழச எங்கன்னு அண்ணன் கேப்பாரு, காட்டிருங்க’ன்னாரு. உங்களுக்குப் பயந்து நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

செபஸ்தியான் பாட்டிலை வாங்கி, பழக்கத்தில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு அதற்காக வெட்கப்பட்டார்.

புது எண்ணெய் ஊற்றி முடித்ததும், “ஒரு எடத்துக்குப் போயிட்டுப் போலாம் தாயி,” என்றார். ஜீவிதா ஓட்டினாள். பேகம்பூர் பட்டறையில் சௌகத் அலி கை துடைத்துக்கொண்டு எழுந்தார். தாடி நரைத்திருந்தது. செபஸ்தியான் மனதில் இருந்த முகத்தில் நரை இல்லை.

“பாய், அன்னிக்கு உள்ள பழம் இருந்தது உனக்குத் தெரியுமா?”

“இதக் கேக்கவா இம்புட்டு வருசம்?” சௌகத் அலி துணியைக் கீழே போட்டார். “தெரியாதுண்ணே. நானும்தான் ஏமாந்தேன். சத்தத்த மட்டும் கேட்டேன், பிளக்கக் கழட்டிப் பாத்திருக்கணும். அன்னிலருந்து கழட்டிப் பாக்காம எந்த வண்டியையும் நல்லாருக்குன்னு நான் சொன்னதில்ல. அதச் சொல்லத்தான் மூணு தடவ உங்க வீட்டுக்கு வந்தேன்.”

மூன்று தடவை என்பது சரிதான். ஜன்னல் வழியாகச் செபஸ்தியான் பார்த்திருக்கிறார். கதை கட்ட வருகிறான் என்று கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பட்டறை பெஞ்சில் உட்கார்ந்தார். சௌகத் அலி எதிர்க் கடைக்கு மூன்று டீ சொன்னார்.

டீ குடித்துக்கொண்டே ஜீவிதா கேட்டாள்: “அடுத்த எண்ணெய் எங்கங்கய்யா மாத்தட்டும்?”

“இங்கதான்.”

“பக்கத்துலயே நிக்கணுமா? அப்படித்தான சொல்லுவீங்களாம்.”

செபஸ்தியான் டம்ளரைக் கீழே வைத்தார்.

“வேணாம் தாயி,” என்றார். “சாவியக் குடுத்துட்டுப் போ.”